ஓரமாகத் தைத்த பொத்தான்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான், அவர், வாண்டு மூன்று பேரும் சுகம். அங்கே நீங்களும் பசங்களும் எப்படி இருக்கிறீர்கள்? வெல்டிங் பட்டறைப் புகையில் அண்ணனுக்கு வரும் இருமல் குறைந்ததா?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வாண்டுக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது. ஒன்பது வாரம் ஆகிறது. அவளிடம் சொன்னோம். "எனக்கு வேணாம், திருப்பிக் குடுத்துடுங்க"ன்னு சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் வீட்டுக்கார அம்மாவின் ஹாலில், அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் "அண்ணி" என்று ஆரம்பித்தாலே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அடுத்து நான் எழுதப்போவதை அவர் கேட்டால் தெருவே கேட்ட மாதிரிதான்.

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். வாண்டு பிறந்ததிலிருந்தே எனக்கு அடிவயிறு தளர்ந்த மாதிரிதான். ஹோட்டல் சலவைப் பிரிவு வேலை உங்களுக்குத் தெரியும். மெஷினிலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை உருவி வண்டியில் போட்டுத் தள்ள வேண்டும். ஒரு மாதமாக, வேலை முடியும் நேரத்துக்குக் கீழே ஏதோ இறங்கி வருகிறது. குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிறது. ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வலி என்று பெரிதாக இல்லை. இதைப் போய் டாக்டரிடம் எந்த வாயால் சொல்வது? குழந்தை வளர வளரத் தானாகச் சரியாகிவிடும், இல்லையா? அவரிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் கேட்டிருப்பேன். நீங்களும் அண்ணனிடம் மூச்சு விட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 14

குட்டிம்மா,

எல்லாரும் நலம். நலம் விசாரிப்பதெல்லாம் அடுத்த கடிதத்தில். இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கு. லேடி டாக்டராகப் பார்த்துப் போ. எந்த வாயால் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். சோறு தின்கிற அதே வாயால் சொல்.

டாக்டர் கேட்பதற்கு முன் நீயே இவற்றை யோசித்து வை. காலையில் சாதாரணமாக இருந்து, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கனக்கிறதா? இருமினால், தும்மினால் துளி நீர் கசிகிறதா? சிறுநீர் போய்விட்டு வந்த பிறகும் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கிறதா? முதுகின் அடியில், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் இழுக்கிறதா? வெள்ளைப்படுகிறதா, வாடை வருகிறதா? ஒன்றையும் விடாமல் சொல்.

ஈரத் துணியைத் தொடாதே. வாண்டு "தூக்கு" என்று அழுதால் நீ தரையில் உட்கார்ந்து அவளை மடியில் ஏறச் சொல். தம்பியிடம், உன் புருஷனிடம்தான், சொல்லிவிடு. இது மறைக்கிற விஷயம் இல்லை. தானாகச் சரியாகிவிடும் என்று எவள் சொன்னாலும் நம்பாதே.

பதில் உடனே போடு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உன் அண்ணி


ஜனவரி 23

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். போனேன். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ஆனால் கண்டிப்பு உங்களை மாதிரி. கருப்பை இறக்கம் என்று சொன்னார். கருப்பையைத் தாங்கிப் பிடித்திருக்கும் சதைகள் முதல் பிரசவத்திலும் சுமை தூக்கியதிலும் தளர்ந்துபோய், அது கீழே சரிந்திருக்கிறதாம். கர்ப்பத்தோடு சேர்ந்து வருவது அபூர்வமாம். கவனிக்காமல் விட்டால் புண்ணாகலாம், கிருமி தொற்றலாம், கரு தங்காமலும் போகலாம் என்று முதலில் பயமுறுத்தினார். அதன் பிறகுதான் நல்ல வார்த்தை சொன்னார். அஞ்சு மாசம் வரை காப்பாற்றிக்கொண்டு போய்விட்டால் கருப்பை பெரிதாகி இடுப்பெலும்புக்கு மேலே ஏறிக்கொள்ளும், அதன் பிறகு அவ்வளவாக இறங்காதாம்.

மெதுவாக உள்ளே தள்ளி, கீழே நழுவாமல் இருக்க ஒரு மெத்தென்ற வளையத்தை வைத்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. வைத்த பிறகு எழுந்து நின்றேன் பாருங்கள், எத்தனை மாதம் கழித்து நிமிர்ந்து நிற்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

சுமை தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, மலச்சிக்கல் வராமல் பழமும் கீரையும் நிறையத் தண்ணீரும், மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுக்கை, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைக்க வேண்டும். சலவைப் பிரிவு மேற்பார்வையாளரிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். துண்டு மடிக்கும் மேஜையில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டில் அவரிடமும் சொல்லிவிட்டேன். "ஏன் இத்தனை நாள் சொல்லல"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் குடம், வாளி, வாண்டு எல்லாவற்றையும் அவரே தூக்குகிறார்.

அண்ணி, டாக்டர் கேட்ட கேள்விகள் அப்படியே நீங்கள் எழுதிய கேள்விகள். மூன்று மணி விஷயம் உட்பட. நீங்கள் துணி வெட்டப் போகாமல் டாக்டருக்குப் படித்திருக்கலாம். நீங்கள் விரட்டியிருக்காவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன்.

அண்ணனுக்கும் பசங்களுக்கும் என் அன்பு.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 30

குட்டிம்மாவுக்கு,

நாங்கள் நலம். உன் நலமே இப்போது எங்கள் நலம். வயிற்றில் பால் வார்த்தாய். அந்த டாக்டர் பெண் நூறு வயது இருக்கட்டும்.

இனிமேல் கடிதத்தின் தலையில் தேதிக்குப் பக்கத்தில் எத்தனையாவது வாரம் என்று எழுது. அதைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிப்பேன். பதினாலு, பதினைந்து, பதினாறு, இந்த மூன்று வாரமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரு. நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளில்தான் எதையாவது தூக்கத் தோன்றும். அன்றைக்குத்தான் தூக்கக் கூடாது.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டி. எங்கள் சீருடைத் தையல் கூடத்தில் மிஞ்சிய பருத்தித் துணியில் தைத்தது. வளையத்துக்குப் பதிலாக இல்லை, அதற்குத் துணையாகத்தான். டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் போடு. தினம் துவைத்து வெயிலில் காயவை.

மத்தியானம் படுக்கிறாயா? சும்மா படுத்திருக்கிறோமே என்று மனசு உறுத்தும். உறுத்தட்டும், படு.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 8, பதின்மூன்றாவது வாரம்

அன்புள்ள அண்ணிக்கு,

வாரம் எழுதிவிட்டேன், இனி படிக்கலாம். இங்கே மூவரும் நலம், வயிற்றுக்குள் இருப்பவரும் நலம். அண்ணனுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தீர்களா?

முதலில் சிரித்துவிடுங்கள். டாக்டர் கால்மாட்டை உயர்த்தச் சொன்னார் இல்லையா? உங்கள் தம்பி அன்றைக்கே நாலு செங்கல் கொண்டுவந்து கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தார். பெயிண்டர் அல்லவா, செங்கல்லுக்கும் வெள்ளை அடித்துத்தான் வைத்தார். நானும் பதினோரு நாள் படுத்தேன். தலை ஜம்மென்று உயரத்தில் இருந்தது! சுவரில் ஈரம் கசிகிறது என்று போன மழையிலேயே நாங்கள் தலைமாட்டை மாற்றிப் படுத்தது ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. வாண்டுதான் கண்டுபிடித்தாள். "அம்மா, நீ சறுக்குமரத்துல படுத்திருக்கியா?"ன்னு கேட்டாள். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று பார்த்தேன், அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். இப்போது செங்கல் சரியான பக்கத்தில் இருக்கிறது.

பட்டி வந்தது. போட்டுக்கொண்டால் உடம்பில் இருப்பதே தெரியவில்லை. டாக்டர் அறையில் வயசான நர்ஸம்மா ஒருவர் உண்டு. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு தச்சது?" என்றார். அண்ணி என்றேன். "தையலை வெளிப்பக்கமா வெச்சிருக்காங்க, சதையில உரசாம. பொத்தானை நடுவுல வைக்காம ஓரமா தள்ளியிருக்காங்க. குனிஞ்சா நடுவுல குத்தும்னு கட்டிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். இது முதப் பட்டி இல்லம்மா. இருபதாவதோ முப்பதாவதோ"ன்னு சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மூன்று மணிக்கு மேல் கனக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அண்ணி, அந்தப் பட்டிகளெல்லாம் யாருக்காகத் தைத்தீர்கள்?

உங்கள் நாத்தனார்


மார்ச் 3, பதினாறாவது வாரம்

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தினம் மாடிப்படி இறங்கித் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். (மெதுவாகத்தான் இறங்குகிறேன்.) வீட்டுக்கார அம்மாவிடம் கெஞ்சி ஒரு நாள் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா, கூடத்துல வேலை ஜாஸ்தி"ன்னு சொன்னார்.

நான் கேட்டது தப்பென்றால் மன்னித்துவிடுங்கள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு சோதனை. மலச்சிக்கலில் என்னையும் அறியாமல் முக்கிவிட்டேன். வளையம் நழுவி வந்துவிட்டது, கூடவே கருப்பையும் இறங்கிவிட்டது. துளி ரத்தம் வேறு. அவர் ஆட்டோவில் என்னைப் படுக்க வைத்தே கொண்டுபோனார். மூன்று நாள் வார்டில் இருந்தேன். லேசாகக் கிருமி தொற்றியிருந்ததாம், மருந்து கொடுத்தார்கள். வேறு அளவு வளையம் வைத்தார்கள். ஸ்கேனில் இதயம் படபடவென்று அடித்தது, காதால் கேட்டேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

அந்த மூன்று நாளும் நான் தேடியது உங்களைத்தான். ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 10

என் குட்டிம்மாவுக்கு,

உன் கடிதம் வரும் வரை நான் சுகமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். பதினாறு என்று நீ எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த வரியைப் படிக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. இதயம் அடித்ததைக் கேட்டாய் என்ற இடம் வந்ததும் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நன்றி, குட்டிம்மா. யாருக்கு என்று தெரியவில்லை, எல்லாருக்கும்.

நீ கேட்டது தப்பில்லை. எனக்குத்தான் பதில் எழுதிப் பழக்கமில்லை.

பட்டிகள் எனக்காகத்தான். சின்னவன் பிறந்ததிலிருந்து, பதினோரு வருஷமாக. நர்ஸம்மா கணக்கில் கொஞ்சம் குறைவு. நான் தைத்தது நாற்பதுக்கு மேல்.

வெட்டும் மேஜைக்கு முன் நாள் முழுக்க நின்றே வேலை. மூன்று மணிக்கு மேல் கால் இடுக்கில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதோடுதான் எட்டு வருஷத்துக்கு முன் மூன்றாவதாக உண்டானேன். அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நாலாம் மாசத்தில் போனதும் தெரியும். படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன், எல்லாரும் நம்பினீர்கள். நான் விழவே இல்லை, குட்டிம்மா. நாலு நாளாகவே வலி, வாடை, காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு துணிக்கட்டை மேஜைக்குத் தூக்கினேன். பதினாறாவது வாரம். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

முதலில் வெட்கத்தால் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல முடியாமல் போனது உன் அண்ணனால். படியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு விட்டது அவர்தான். தன்னால்தான் நான் விழுந்தேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அடுத்த வாரமே பட்டறையில் இரும்புக் கைப்பிடி செய்து படியில் பற்றவைத்தார். இன்றைக்கும் வேலைக்குப் போகும்போது அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். எட்டு வருஷமாகத் தினமும் அதை மேலே நின்று பார்க்கிறேன். விழவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

கிழித்துப் போடு இந்தக் கடிதத்தை. நீ பத்திரமாக இரு, எனக்கு அது போதும்.

அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இத்தனை வருஷம் ஒரு சடங்குக்குக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் நிஜமாகக் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அழுதேன். அன்றைக்கு உங்களைப் பார்க்க வந்தபோது பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, "போனது போகட்டும் அண்ணி"ன்னு சொல்லிவிட்டு பஸ் ஏறினவள் நான். அது இப்போது என்னைக் குத்துகிறது. அந்த வலியை வைத்துத்தான் என் குழந்தையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நன்றி சொல்லப் போவதில்லை, திட்டப் போகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கு. எந்த வாயால் என்று கேட்காதீர்கள். அண்ணனிடமும் சொல்லுங்கள். அவர் மனசு உடையும் என்று பயப்படுகிறீர்கள். எட்டு வருஷமாக உடைந்துதானே இருக்கிறது?

கவனித்தீர்களா, மேலே வாரம் எழுதவில்லை. நீங்கள் போய்விட்டு வந்தேன் என்று எழுதும் வரை எழுதவும் மாட்டேன். கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வீர்கள் என்று தெரியும். இருந்தாலும் அது என் கையெழுத்தில் இருக்காது.

உங்கள் பிடிவாதக்கார நாத்தனார்


ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நலம். உன் நலமும் மாப்பிள்ளை, வாண்டு நலமும் அறிய ஆவல். நான் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் அண்ணி சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை. பசங்களை விளையாட அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்துச் சொன்னாள். உன் கடிதத்தையும் காட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க தப்பு இல்லீங்க"ன்னு சொன்னாள். பதினோரு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பட்டி தைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. அது என் தப்புத்தானே என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வளையம் வைத்திருக்கிறார்கள். ரொம்ப நாள் ஆகிவிட்டதால் ஆபரேஷன் செய்வது நல்லது என்றார்கள். ஜூன் 24 தேதி கொடுத்திருக்கிறார்கள். வரும்போது பஸ் ஸ்டாப்பில் நிமிர்ந்து நின்றாள். இவள் இவ்வளவு உயரமா என்று இருந்தது.

கைப்பிடியை இனி ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் கை தானாகப் போகிறது.

நீ செய்ததை மறக்க மாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 12, இருபத்திரண்டாவது வாரம்

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

வாரம் எழுதிவிட்டேன், கொட்டை எழுத்தில். நான் நலம், நீங்கள் ரெண்டு பேரும் நலம் என்று தெரிந்ததில் இன்னும் நலம்.

நேற்று டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏறிடுச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கருப்பை தொப்புளைத் தொடுகிறது. வளையத்தை எடுத்துவிட்டார். மத்தியானப் படுக்கையும் சுமை தூக்காததும் கடைசி வரை தொடர வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு மறுபடி இறங்கலாம், அப்போதும் வர வேண்டும் என்று எச்சரித்தார். வருவேன் என்றேன். அண்ணனின் கடிதத்தை உங்கள் தம்பியிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் ரொம்ப நேரம் முகத்தைக் காட்டவில்லை.

நர்ஸம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். பட்டியின் அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்ப முடியுமா என்று கேட்கிறார், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்க. அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 8

குட்டிம்மாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே. நீ எப்படி இருக்கிறாய்? கால் வீங்குகிறதா? முப்பத்தஞ்சாவது வாரம், எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் கொஞ்ச நேரம் அழுதேன். மூன்றாவது இருந்த இடமும் போயிற்றே என்று. உன் அண்ணனிடம் அதைச் சொல்ல முடிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தைக்காக நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்ததும் அவர் தைரியமாகச் சமையல்கட்டுக்குள் போனார். உப்பு போட்டாரா என்று கேட்டால் ரெண்டு தடவை போட்டேன் என்கிறார். பசங்கள் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறார்கள். நானும்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை.

பட்டியின் அளவு வரைந்து அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? நர்ஸம்மா தைத்துப் பார்த்தாரா?

ஒன்றுதான் குறை. மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாதாம். குழந்தையைக்கூட. நீ பெற்றுவிட்டு என்னைக் கூப்பிடுவாய். வந்து பார்த்துவிட்டுத் தூக்காமல் நிற்க என்னால் ஆகாது, குட்டிம்மா. வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் நிற்பேன். இதை மட்டும் முடியாது. அதனால் மூன்று மாதம் கழித்தே வருகிறேன். கோபப்படாதே.

பிரசவம் சுகமாக ஆகட்டும். தினம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

தாயும் சேயும் நலம். தந்தி மாதிரி இதை முதலில் எழுதச் சொல்லி உங்கள் தம்பி உத்தரவு. நீங்களும் அண்ணனும் பசங்களும் நலம்தானே? சமையல் இன்னும் அண்ணன் கையில்தானா?

எட்டாம் தேதி காலை பெண் குழந்தை பிறந்தது. அழுத சத்தத்தில் பக்கத்து அறைக் குழந்தைகளும் ஆரம்பித்துவிட்டன. டாக்டர் கடைசி வரை என்னை அவசரப்படுத்தவே இல்லை. நர்ஸம்மா குழந்தையை வாங்கித் துடைக்கும்போது, "பட்டி தச்ச அத்தைக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். வாண்டு வந்து பார்த்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கும் வாளி தூக்கத் தடை, குடம் தூக்கத் தடை. குழந்தைக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன், நீங்கள் விரட்ட வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு நாள் என்னால் பொறுக்க முடியாது. பயணத்துக்கு டாக்டர் சரி என்று சொன்னதும் அண்ணனோடு பஸ் ஏறுங்கள். பையை அவர் தூக்கட்டும். வந்ததும் ஜன்னலோரம் இருக்கிற நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள் எதையும் தூக்க வேண்டாம், அண்ணி. நான் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மடியில் வைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்